ஓடும்போது மட்டும் உண்மை சொல்லும் கம்பி

கார் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த சிறு சடங்கு ஒன்று உண்டு. காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன், மூடியைத் தூக்கி, டிப்ஸ்டிக் என்னும் மெல்லிய கம்பியை உருவி, பழந்துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்து, இரு கோடுகளுக்கிடையே எண்ணெய் எங்கே நிற்கிறதென்று பார்ப்பது. தரை சமமாக இருக்கவேண்டும், எஞ்சின் ஓடக்கூடாது, இப்போதுதான் ஓடி நின்றதென்றால் சில நிமிடங்கள் பொறுக்கவேண்டும். தந்தையிடமிருந்தோ, வீட்டு ஓட்டுநரிடமிருந்தோ, தெருமுனை மெக்கானிக்கிடமிருந்தோ நாம் கற்றுக்கொள்ளும் பாடம் இது. இதில் பிழை நேர வாய்ப்பிருப்பதாக நமக்குத் தோன்றுவதேயில்லை.

இந்தப் பாடத்தை நன்கு கற்ற ஒருவர், 1960களில் செய்யப்பட்ட போர்ஷே 911 ஒன்றின் பின்மூடியைத் திறந்து, அதே முறையில் அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் நுனியில் சிறிதளவே எண்ணெய் தெரியும். பல நாட்கள் நின்ற வண்டியென்றால் அதுவும் தெரியாது. அவர் பதறிப்போய் ஒரு லிட்டர் ஊற்றுவார்; போதாதென்று இன்னொரு லிட்டரும் ஊற்றுவார். வண்டியைக் கிளப்பிச் சிறிது தூரம் போனதும் பின்னால் நீலப் புகை எழும். அக்கறையோடு செய்த காரியம் எஞ்சினுக்கே கேடாக முடிந்திருக்கும்.

கம்பியில் குறையில்லை. அவர் கேட்ட நேரம்தான் தவறு. எண்ணெயளவு பார்ப்பதன் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் இது விளங்கும்.

1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரில் டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சினின் பின்புறம், கீழ்ப்பகுதியில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிறு திருகு குழாய்கள் இருந்தன. உரியவர் வண்டிக்கடியில் கையை நுழைத்தோ, தாமே படுத்து நுழைந்தோ அவற்றைத் திறந்து பார்க்கவேண்டும். மேல் குழாயில் எண்ணெய் வடிந்தால் நிறைவு. கீழ்க் குழாயிலும் வடியாவிட்டால் ஆபத்து. எவ்வளவு இருக்கிறதென்று அந்தக் குழாய்கள் சொல்லமாட்டா. உண்டா இல்லையா என்று மட்டுமே சொல்லும். பிற்பாடு வந்த டிப்ஸ்டிக், இரு கோடுகளின் இடைவெளியில் ஓர் அளவையும் தந்தது. மனிதனைத் தரையிலிருந்து எழுப்பியும் விட்டது. இந்த எளிமை நிலைபெற்றதற்குக் காரணம், அக்கால எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் எண்ணெய் ஒரே இடத்தில் தங்கியதுதான். எஞ்சினுக்கு அடியில் சம்ப் என்னும் தொட்டி. ஓடும்போது பம்ப் அங்கிருந்து எண்ணெயை மேலே ஏற்றும். நின்றதும் எல்லாம் வழிந்து அங்கேயே திரும்பும். ஆகவே நின்ற எஞ்சினை அளப்பதே சரி.

பந்தயச் சாலை இந்த ஏற்பாட்டைச் சோதித்தது. வேகமாக வளைவில் திரும்பும் காரில், தொட்டியிலுள்ள எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அந்தச் சில நொடிகளில் பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சினால், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகள் வறண்டு தேய்ந்துபோகும். இதற்குக் கண்ட மாற்றுதான் டிரை சம்ப். எஞ்சினுக்கு அடியில் எண்ணெயைத் தேங்கவிடாமல் ஒரு பம்ப் உறிஞ்சித் தனியான தொட்டிக்கு அனுப்பும். மற்றொரு பம்ப் அத்தொட்டியிலிருந்து எடுத்துப் பேரிங்குகளுக்குத் தரும். அடித்தொட்டி ஆழமாக இருக்கவேண்டியதில்லை என்பதால் எஞ்சினையும் தாழ்வாக அமைக்கலாம்.

1954இல் நியூயார்க் கண்காட்சியில் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல், சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளால் புகழ்பெற்றது. டிரை சம்ப் முறையும், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறையும் அதில் இருந்தன. இரண்டாவது ஏற்பாட்டால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. சாவியைத் திருப்பி மின்பொறியை நிறுத்திய பின்னும், எஞ்சின் சுழன்று ஓயும்வரை பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. எரியாத அப்பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு இறங்கி, எஞ்சின் எண்ணெயில் கலந்தது. நெடுந்தூரம் கடுமையாக ஓட்டியவர்களுக்குச் சூட்டில் அது ஆவியாகிவிடும். நகருக்குள் சிறு தூரங்கள் மட்டும் ஓட்டியவர்களுக்கு எண்ணெய் மெலிந்துகொண்டே போகும். அளவு குறையவில்லையே என்று அவர்கள் மகிழ்ந்திருக்கவும் கூடும். அளவு சரியாக இருந்தது. அளக்கப்பட்ட பொருள்தான் மாறியிருந்தது. அடிக்கடி எண்ணெயை மாற்றுவதைத் தவிர இதற்கு வேறு வழி இருக்கவில்லை.

இனி 911. 1963 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் அறிமுகமாகி, நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்க எண்களுக்குப் பெஜோ நிறுவனம் உரிமை கோரியதால் 1964இல் 911 ஆன கார் இது. பின்புறம் அமைந்த, காற்றால் குளிர்விக்கப்படும், ஆறு சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் அமைந்த எஞ்சின். கொள்ளளவு 1991 கனசென்டிமீட்டர். ஆற்றல் 130 குதிரைத்திறன். இதன் முன்வடிவமான 821 என்ற எஞ்சினில் பழைய முறையிலான அடித்தொட்டியே இருந்தது. அதை டிரை சம்பாக மாற்றிய பின்னரே எஞ்சின் உற்பத்திக்குப் போனது. அந்த எஞ்சினை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராக நினைவுகூரப்படுபவர் ஹான்ஸ் மெட்ஸ்கர்; 2020இல் மறைந்தார்.

இந்த எஞ்சினில் தண்ணீர் இல்லை. விசிறிக் காற்று பாதி வேலையைச் செய்கிறதென்றால், மீதியைச் செய்வது எண்ணெய்தான். ஆகவே சாதாரணக் கார்களுக்கு மூன்று நான்கு லிட்டர் போதுமெனில், இதற்கு ஏறத்தாழ ஒன்பது லிட்டர் தேவைப்பட்டது. இவ்வளவு எண்ணெயும் ஓரிடத்தில் நிற்பதில்லை. எஞ்சினுக்குள் கொஞ்சம், குழாய்களில் கொஞ்சம், குளிர்விப்பானில் கொஞ்சம், மீதி தொட்டியில். வண்டி நின்றிருக்கும் நாட்களில் தொட்டி எண்ணெய் பம்ப் வழியே மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்கும். டிப்ஸ்டிக்கோ தொட்டிக்குள் நிற்கிறது. காலையில் அது காட்டுவது இரவெல்லாம் இறங்கியது போக எஞ்சியதை மட்டுமே.

எனவே 911இல் எண்ணெய் பார்க்கும் முறை தலைகீழானது. முதலில் வண்டியை ஓட்டி எண்ணெயை நன்கு சூடேற்றவேண்டும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் நிதானமாக ஓடவிட்டு, பின்மூடியைத் திறந்து, தொட்டியின் மூடியைக் கழற்றிக் கம்பியை எடுக்கவேண்டும். சூடு முகத்தில் அடிக்கும். அருகிலேயே விசிறியும் அதன் பெல்ட்டும் சுழன்றுகொண்டிருக்கும். தொளதொளத்த சட்டைக் கையோடு குனியக்கூடாது. சூடேற்றுவதற்கும் காரணம் உண்டு. 1969ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து 911 எஸ் வகையில், முன்சக்கரத்தருகே இன்னொரு குளிர்விப்பான் சேர்க்கப்பட்டது. எண்ணெய் போதிய சூடடைந்த பின்னரே அதற்கான வழி திறக்கும். குளிர்ந்த எண்ணெயை அளப்பவர், இன்னும் புறப்படாத பயணத்துக்குக் கணக்கெழுதுகிறார் எனலாம்.

ஓட்டுநரின் முன்னால் இதற்கென ஒரு முள்ளும் உண்டு. ஐந்து வட்டங்களில் இடக்கோடியிலுள்ளது பெட்ரோல் அளவையும் எண்ணெயளவையும் சேர்த்துக் காட்டும். சாலையில் வேகமெடுத்ததும் அந்த எண்ணெய் முள் கீழே விழுந்துவிடும். புதிதாக வாங்கியவர் திகைத்து ஓரமாக நிறுத்துவார். நிதானமாக ஓடவிட்டதும் முள் மறுபடி எழும். வேகத்தில் எண்ணெய் எஞ்சினுக்குள் பரவியிருக்கிறது என்பதைத்தான் அது சொன்னது. அளவுக்கு மீறி ஊற்றிவிட்டாலோ, மிகுதி எண்ணெய் ஆவிபோகும் குழாய் வழியே ஏர் ஃபில்ட்டருக்குள் தள்ளப்பட்டு, அதை நனைத்து, எரிந்து புகையாகும். நாம் தொடக்கத்தில் கண்ட நீலப் புகை அதுவே.

இந்த வரலாற்றில் நகைச்சுவையாகச் சொல்லப்படும் ஓர் அத்தியாயம் உண்டு. எஞ்சின் பின்னால் இருப்பதால் 911இன் பின்பாரம் எப்போதும் குறையாகவே பேசப்பட்டது. 1969 மாதிரிக்கு அச்சுகளின் இடைவெளியை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். 1972 மாதிரிக்கு இன்னொரு வழி தோன்றியது. வலது பின்சக்கரத்துக்குப் பின்னாலிருந்த எண்ணெய்த் தொட்டியைச் சக்கரத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். எண்ணெய் ஊற்றுவதற்கான சிறு கதவு, வலப்பக்க உடற்தகட்டிலேயே, கதவுக்கும் சக்கரத்துக்கும் இடையில் வெளியே தெரியும்படி அமைந்தது. ஜெர்மானியர் அதை ஓல்கிளாப்பே, எண்ணெய்க் கதவு, என்றனர். 1967இல் செய்யப்பட்ட பந்தய வகையான 911 ஆர் காரிலும் இதுபோன்ற அமைப்பு இருந்தது. பந்தயக் களத்தில் அதைத் தொட்டவர்கள் அந்த வண்டியையே தொழிலாகக் கொண்ட மெக்கானிக்குகள்.

சாலையில் அதைத் தொட்டவர்கள் பெட்ரோல் பங்க் ஊழியர்கள். 911இல் பெட்ரோல் மூடி இருப்பது இடது முன்பக்கத்தில். பல கார்களில் அது இருப்பதோ பின்பக்க விலாவில். அங்கே அழகான சிறு கதவொன்றைக் கண்டவர்கள் அதைத் திறந்து பெட்ரோலை ஊற்றினார்கள். எண்ணெய் நீர்த்துப்போனால் பேரிங்குகளின் கதி என்னவென்று சொல்லவேண்டியதில்லை. ஒரே ஆண்டில், 1973 மாதிரிக்கு, தொட்டி பழைய இடத்துக்கே திரும்பியது, வெளிக்கதவும் மறைந்தது.

இக்கதையைச் சொல்வோர் வழக்கமாக ஊழியரின் அறியாமையைச் சொல்லிச் சிரிப்பர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாளெல்லாம் நின்று பல நூறு வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டவரின் கை, அந்தப் பல நூறு வண்டிகள் கற்பித்த இடத்துக்கே போனது. அவர் அனுபவத்தின்படிதான் நடந்தார். பாரத்தைக் கிராம் கணக்கில் யோசித்த வரைபட மேசை, அந்தக் கதவை நாளை யார் திறப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அன்று பிழையாகக் கருதி நீக்கப்பட்ட அந்தக் கதவுக்காகவே 1972 வண்டிகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். வரலாறு பிழைகளுக்கும் விலை வைக்கும். ஆனால் பழியை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவைக்கும்.

காற்றால் குளிரும் 911இன் உற்பத்தி 1998இல் முடிந்தது. 2004இல் வந்த 997 வகையில் டிப்ஸ்டிக்கே இல்லை. மின்னணு உணரி அளந்து திரையில் காட்டுகிறது. எஞ்சின் சூடேறியிருக்கவேண்டும், தரை சமமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனைகள் அப்படியே தொடர்கின்றன. நிபந்தனை நிறைவேறாவிட்டால் திரை பதில் சொல்ல மறுக்கும். கம்பிக்கு அந்த வசதியில்லை. எப்போது உருவினாலும் ஏதோ ஒன்றைக் காட்டிவிடும். அதை நம்பலாமா என்பதை உருவியவரே அறிந்திருக்கவேண்டும்.

அந்தப் பழைய வண்டிகள் இன்று அரை நூற்றாண்டைக் கடந்து, கைமாறிக் கைமாறிப் போகின்றன. சாவி கைமாறும், ஆவணங்கள் கைமாறும், வண்டியோடு வந்த கையேடு பல வேளைகளில் எங்கோ தொலைந்திருக்கும். விற்பவர் வாங்குபவரிடம் விடைபெறும் முன் சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: எஞ்சின் ஓடும்போது பாருங்கள். அதைச் சொல்ல மறந்தால், மறுநாள் காலையில் அக்கறையுள்ள ஒரு மனிதர் கையில் எண்ணெய்க் கேனோடு அந்த வண்டியின் பின்னால் நின்றுகொண்டிருப்பார்.