சைலன்சர் வாடையும் கொஞ்சம் கந்தகமும்

தூத்துக்குடி துறைமுகச் சாலை. உப்பு லாரி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல காரை ஓட்டிக்கிட்டு போறீங்க. திடீர்னு அழுகின முட்டை வாடை. முன்னாடி போற லாரியைத் திட்டாதீங்க. வாடை உங்க பெட்ரோல் கார்ல இருந்தே வரலாம். அதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

பழைய அம்பாசடர்ல இந்த வாடை வராது. ஏன்னா அதுல கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. அப்போ பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்தது. எஞ்சின் தட்டாம ஓடுறதுக்காக, 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடிச்ச வழி அது. அந்த ஈயம் கன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற பிளாட்டினத்து மேல படிஞ்சு, அதை வேலை செய்யவிடாது. ஈயம் போனாத்தான் கன்வெர்ட்டர் வர முடியும். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல, ஈயமில்லாத பெட்ரோலும் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டரும் சேர்ந்தே வந்தன. நாடு முழுக்க ஈயம் ஒழிஞ்சது 2000 பிப்ரவரி 1-ல்.

ஆனா கந்தகம் போகலை. (தூத்துக்குடிக்காரங்களுக்குக் கந்தகம்னா, ஊர்ல பலருக்குக் கண் எரிஞ்சு மூச்சு முட்டின 2013 மார்ச் 23 காலைதான் ஞாபகம் வரும். அது தனி எபிசோடு.) பெட்ரோல்ல இருக்கிற கந்தகம் எரிஞ்சா சல்ஃபர் டை ஆக்சைடு. எஞ்சினுக்குக் காத்து குறைஞ்சு பெட்ரோல் அதிகமாப் போனா, கன்வெர்ட்டருக்குள்ள அது ஹைட்ரஜன் சல்பைடா மாறும். அதுதான் முட்டை வாடை.

அதனால முதல் சந்தேகம் கன்வெர்ட்டர் மேல வரக்கூடாது. ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் பார்க்கணும். கறுப்புப் புகையும் வந்து மைலேஜும் குறைஞ்சா, பெட்ரோல் அதிகமாப் போகுதுன்னு கிட்டத்தட்ட உறுதி. நீலப் புகைன்னா எஞ்சின் ஆயில் எரியுது, அது வேற வைத்தியம்.

"கன்வெர்ட்டரைக் கழட்டிடலாம், வாடை போயிடும்"னு சில பேர் சொல்லுவாங்க. போயிடும்தான். ஆனா எஞ்சின் கக்குற கார்பன் மோனாக்சைடுல ஒரு பங்கையாவது எரிச்சுக்கிட்டு இருந்தது அதுதான். அந்த வாயுவுக்கு வாடையே கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டுக் கார்ல தூங்கினவங்க செத்துப்போன செய்திகளை நாம படிச்சிருக்கோம். என்னைக் கேட்டா, நாறுற காரே மேல்.

இப்போ வாடை அவ்வளவா வர்றதில்லை. 2005-ல் நாடு முழுக்க வந்த பாரத் ஸ்டேஜ் 2 பெட்ரோல்ல, பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். 2020 ஏப்ரல் 1-ல் வந்த பாரத் ஸ்டேஜ் 6-ல் 10 பங்குதான். அதே வருஷம் ஜனவரி 1-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் எரிபொருளுக்கும் வரம்பைக் குறைச்சது, 3.5 சதவீதத்துல இருந்து 0.5 சதவீதமா. அதாவது பத்து லட்சத்துக்கு 5,000 பங்கு. துறைமுகத்துக்கு வர்ற கப்பலோட எண்ணெய்ல, உங்க கார் பெட்ரோலைவிட 500 மடங்கு கந்தகம் இருக்கலாம், சட்டப்படியே.