50,000 என்னும் எல்லை: அமெரிக்கக் கணக்கெடுப்பும் வட்டாரப் போக்குவரத்துத் திட்டமிடலும்

அமெரிக்கா ‘நகரமயமான பகுதி’ என்றொரு வகையை முதன்முதலில் வரையறுத்தது 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். போருக்குப் பின் புறநகர்கள் நகராட்சி எல்லைகளைத் தாண்டிப் பெருகின. எல்லைக்குள் குடியிருப்போரை மட்டும் எண்ணினால் நகரத்தின் உண்மையான அளவு தெரியவில்லை. எனவே 50,000 பேருக்குக் குறையாத மைய நகரத்தையும் அதையொட்டி நெருக்கமாகக் கட்டப்பட்ட சுற்றுப்புறத்தையும் ஒன்றாகச் சேர்த்து, 157 பகுதிகளை அடையாளம் கண்டார்கள். புள்ளிவிவரத் தேவைக்குப் பிறந்த வரையறை அது.

12 ஆண்டுகளில் 50,000 என்ற அந்த அளவு நெடுஞ்சாலைச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அந்த எண்ணிக்கைக்கு மேல் மக்கள் வாழும் நகர்ப்புறங்களில், மாநிலமும் உள்ளாட்சிகளும் கூடித் தொடர்ந்து நடத்தும் முழுமையான திட்டமிடல் இல்லையென்றால், 1965 ஜூலை 1க்குப் பிறகு சாலைத் திட்டங்களுக்குக் கூட்டாட்சி அரசின் ஒப்புதல் கிடையாது என்றது 1962ஆம் ஆண்டுச் சட்டம். இதற்கெனத் தனி நிதியை 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியதும் பெருநகரத் திட்டமிடல் அமைப்புகள் பரவலாக வேரூன்றின. 1991இல் 2 லட்சம் என்ற இன்னொரு படி சேர்ந்தது. அதைக் கடந்த பகுதிகளில் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அவ்வமைப்புகளுக்குக் கூடியது; நெரிசலைக் கையாளும் கடமையும் வந்தது.

இந்த இரண்டாவது படியின் கனத்தைச் சிறிய ஊர்களின் பேருந்துப் பணிமனைகளில்தான் பார்க்க வேண்டும். 2 லட்சத்துக்குக் கீழே இருக்கும்வரை கூட்டாட்சி நிதியை ஓட்டுநர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் செலவிடலாம். தாண்டிவிட்டால், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதுப் பேருந்து வாங்கலாம், பராமரிக்கலாம். அதை ஓட்டுவதற்கான அன்றாடச் செலவுக்குப் பொதுவாக அந்தப் பணத்தைத் தொட முடியாது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் பல ஊர்கள் இப்படிச் சிக்கிக்கொள்ள, நாடாளுமன்றம் தற்காலிக விலக்கு அளித்தது. நெரிசல் நேரத்தில் 100 பேருந்துகளுக்கு மிகாமல் இயக்குவோருக்கு 2012இல் ஓரளவு நிலையான தளர்வு கிடைத்தது. பயணிகள் அதே பயணிகள், வழித்தடமும் அதே வழித்தடம். மாறியது அவர்களைச் சுற்றிய கோடு மட்டுமே.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கான புதிய விதிகள் கோட்டை வரையும் முறையையே மாற்றின. அதுவரை மையத்தில் சதுர மைலுக்கு 1,000 பேர், சுற்றிலும் 500 பேர் என்று ஆட்களைக் கணக்கிட்டார்கள். இப்போது வீடுகளைக் கணக்கிடுகிறார்கள்: மையத்தில் 425, அதன் சுற்றுப்புறத்தில் 200. விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகள் நிறைந்த கடலோர ஊருக்கு இது சாதகம். ஒரே வீட்டில் பலர் நெருக்கியடித்து வாழும் குடியிருப்புக்கு அந்தச் சாதகம் இல்லை. பேருந்தை அதிகம் நம்பியிருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை ஊர்தான் என்பதால், போக்குவரத்து நோக்கில் இதைப் பின்னடைவாகவே கருதுகிறேன். இடைவெளியைத் தாண்டி இரு குடியிருப்புகளை இணைக்க அனுமதித்த தூரமும் 2.5 மைலிலிருந்து 1.5 மைலாகச் சுருங்கியது. நகர்ப்புறம் எனப்படுவதற்கு 1910 முதல் போதுமாயிருந்த 2,500 பேர் என்ற அளவு, 5,000 பேர் அல்லது 2,000 வீடுகள் என உயர்ந்தது. நகர்ப்புற மக்களின் பங்கு 80.7 சதவீதத்திலிருந்து 80.0 சதவீதமாக இறங்கியதற்கு இந்த விதி மாற்றமே முக்கியக் காரணம்.

தன் வரையறைகள் புள்ளிவிவரத்துக்கானவை, பிற பயன்பாடுகளைக் கருதி அவற்றை வகுப்பதில்லை என்று கணக்கெடுப்பு அலுவலகம் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே பொறுப்பு சட்டம் இயற்றுவோருடையது. திட்டமிடலுக்கான எல்லையில், அடுத்த 20 ஆண்டுகளில் நகரமாகக்கூடிய நிலத்தையும் சேர்க்க வேண்டும் என்று சட்டமே விதிக்கிறது. நிதிப் பங்கீடு மட்டும் பத்தாண்டுக்கு ஒருமுறை வரையப்படும் கோட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘நகரமயமான பகுதி’ என்ற வகையைக் கணக்கெடுப்பு அலுவலகம் 2022இல் கைவிட்ட பிறகும், புதிய பட்டியலிலிருந்து 50,000 பேரைத் தாண்டிய பகுதிகளைத் தனியே பிரித்தெடுத்துத்தான் போக்குவரத்துத் துறை பணத்தைப் பங்கிடுகிறது.