திரும்பிப் போகும் வழி

சி டிரைவின் நீலக்கோடு சிவப்பானதும் நம் கை நேராக விண்டோஸ் ஃபோல்டருக்குத்தான் போகும். அங்கே வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பல ஜி.பி. கனத்தோடு உட்கார்ந்திருக்கும். பழைய குப்பைதானே, தூக்கிடலாம் என்று தோன்றும். கையால் தூக்கினால் மெஷின் பூட் ஆகாமலே போகலாம்.

தொண்ணூறுகளில் பல மென்பொருட்கள் ஒரே டி.எல்.எல். கோப்பைப் பங்கிட்டுக்கொண்டன. புதிதாக ஒன்றை நிறுவினால், அது தன் பதிப்பைப் பழையதன் மேலேயே எழுதிவிடும். நேற்றுவரை ஓடிய இன்னொரு மென்பொருள் படுத்துவிடும். பழைய கோப்பைத் தேடினால் அது எங்குமே இருக்காது. 'டி.எல்.எல். நரகம்' என்று பெயர் வைக்கும் அளவுக்கு எல்லாரும் அவதிப்பட்டார்கள்.

2001-இல் வந்த எக்ஸ்பி, இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துக்கொள்ளப் பழகியது. வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற பெயரின் பொருளே அதுதான். ஒவ்வொரு அப்டேட்டும் தன்னை நீக்கத் தேவையானதை, டாலர் குறி போட்ட தனி ஃபோல்டரில் ஒளித்து வைத்தது. அதை அழித்தால் கணினி ஓடும். அந்த அப்டேட்டை மட்டும் இனி நீக்க முடியாது.

விஸ்டாவிலிருந்து வின்எஸ்எக்ஸ்எஸ்தான் மூலக் கிடங்கு. சிஸ்டம்32-இல் நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை அங்குள்ள கோப்புகளுக்கே இன்னொரு பெயர். எக்ஸ்ப்ளோரர் ஒரே கோப்பை இரண்டு இடத்திலும் எண்ணுவதால் கனம் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் உண்மையான சுமையும் இருந்தது. விண்டோஸ் 7-இல் மாற்றப்பட்ட பழைய அப்டேட்டுகளை டிஸ்க் கிளீனப்பில் அழிக்கும் வசதி, 2013 அக்டோபரில்தான் வந்தது.

பெரிய பதிப்பு மாறும்போது பழைய விண்டோஸ் முழுவதும் விண்டோஸ்.ஓல்ட் என்ற பெயரில் நிற்கும். விண்டோஸ் 10 இதற்கு முதலில் 30 நாள் கெடு கொடுத்தது. 2016-இல் அது 10 நாளானது. டிஸ்ம் கட்டளையோடு ரீசெட்பேஸ் சேர்த்து ஓட்டினால், அதுவரை போட்ட அப்டேட்டுகள் எதையும் பிறகு கழற்ற முடியாது. இடம் கிடைக்கும், வழி மூடும்.

2018 அக்டோபர் பதிப்பில் டிஸ்க் கிளீனப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் சேர்ந்தது. இருக்கிற கட்டமெல்லாம் டிக் அடித்தே பழகியவர்கள், பழைய அப்டேட்டோடு தங்கள் சொந்தக் கோப்புகளையும் அழித்தார்கள். கருவி சொன்னதைத்தான் செய்தது. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் ஓகே அழுத்துகிறேன். பத்து நாள் முடியும்வரை விண்டோஸ்.ஓல்டைத் தொடுவதும் இல்லை.