அடுப்படிக் கணக்கு

பொன்விழா மலருக்கு நம்மவர் வணிகம் பற்றி எழுதச் சொன்னார்கள். எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தவை கடைகள்தான். வீட்டிலிருந்தே சம்பாதித்த பெண்களின் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆண்களில் பலருக்குத் துறைமுக வேலை. பெண்கள் அம்மியில் மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்து விற்றார்கள். மீனுக்கு ஒரு கூட்டு, இறைச்சிக்கு ஒரு கூட்டு, கைப்பக்குவம்தான் முதல். அன்றாடம் கையில் காசு வரும் தொழில் வீட்டில் அது ஒன்றுதான்.

வீவக வீடுகளுக்கு மாறியபோது அம்மி போனது, பழக்கம் போகவில்லை. மார்சிலிங்கில் இன்று சமோசா, நெய்ச்சோறு, கேக் எல்லாம் வீட்டிலிருந்தே போகின்றன. இதற்குத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் விளம்பரப் பலகை வைக்கக்கூடாது, வெளியாட்களை வேலைக்கு வைக்கக்கூடாது. ஆகவே வீட்டுப் பிள்ளைகளே ஊழியர்கள். நாங்களும் அப்படிச் சமோசா மடித்து வளர்ந்தவர்கள்தாம்.

2020ஆம் ஆண்டை மறக்க முடியாது. மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியதும் ஜோகூர் பாருவில் மலிவாகச் சாமான் வாங்கும் வழி அடைபட்டது. ஏப்ரல் 24 அன்று நோன்பு தொடங்கியது. நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டத்தின் கீழ் வீட்டு உணவு வியாபாரம் கூடாது என்று அப்போதே அறிவிப்பும் வந்தது. ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு அந்த ஒரு மாதத்தில்தான். வாங்கிய ஆர்டர்களுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த வீடுகளை அறிவோம். மே 12 முதல் மீண்டும் அனுமதித்தார்கள். மே 24 பெருநாள். இடையில் இருந்தது பன்னிரண்டே நாள்.

கடை நடத்துபவர்கள் என்பதால் ஒன்று சொல்கிறோம், உம்மாமார்கள் கோபிக்க வேண்டாம். மாவுக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் பார்ப்பவர்கள் எரிவாயுவுக்குப் பார்ப்பதில்லை. தம் உழைப்புக்குக் கூலியே போடுவதில்லை. மிச்சமெல்லாம் பிள்ளைகளின் டியூஷனுக்கும் சீட்டுக்கும் போய்விடும். சம்பளக்காரருக்கு முதலாளி மசேநி கட்டுகிறார். இவர்களுக்கு யாரும் கட்டுவதில்லை. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கட்ட வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. கணக்கு எழுதினால்தானே தெரியும்? முதுமைக்கு என்று இவர்கள் பெயரில் இருப்பது அநேகமாக நகைதான்.

எங்கள் உம்மாவின் கணக்குப் புத்தகம் சமையலறை நாட்காட்டி. 2020 மே 12ஆம் தேதிக் கட்டத்தில் "சமோசா 200, பாக்கி இல்லை" என்று எழுதியிருக்கிறார். அந்த ஏட்டை மட்டும் கிழித்து எங்கள் கடைப் பேரேட்டுக்குள் வைத்திருக்கிறோம்.