வானலையை அணைக்கும் சுவிட்ச் யாருடையது?

பழைய மடிக்கணனிகள் சிலவற்றின் விளிம்பில் சின்னதாய் ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். விமானத்திலோ வைத்தியசாலையிலோ வானலைக் கருவிகளை அணைப்பதற்கு வைத்தது. அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் லினக்ஸில் ஒரு நீண்ட இழுபறிக் கதை இருக்கிறது.

2003இல் இன்ரெலின் சென்ரினோ மடிக்கணனிகளோடு வைஃபை பரவத் தொடங்கியது. சில கணனிகளில் சுவிட்ச் வானலையை நேரே வெட்டும். வேறு சிலவற்றில் அது வெறும் விசைதான்; அழுத்தினால் சேதி மட்டும் போகும், அணைப்பது மென்பொருளின் வேலை. டிரைவர்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஒரு வழி வைத்திருந்தன. இன்ரெலின் ஐபிடபிள்யூ2200 டிரைவர் ஒரு கோப்பில் இலக்கம் காட்டும்: 0 என்றால் தடையில்லை, 1 மென்பொருள் தடை, 2 வன்பொருள் தடை, 3 இரண்டும். வேறு கார்ட் என்றால் இந்தக் கணக்கு உதவாது.

2007 யூலையில் வந்த 2.6.22 கெர்னலில் ஐவோ வான் டோர்ன் எழுதிய ஆர்எஃப்கில் சேர்ந்தது. வைஃபை, புளூடூத் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஆனால் விசையை அழுத்தினால் எதை அணைப்பது? ஒருவர் வைஃபையை மட்டும் அணைக்க விரும்புவார், இன்னொருவர் எல்லாவற்றையும். பாவனையாளரின் மனதைக் கெர்னல் எப்படி அறியும்?

2009இல் யோகன்னஸ் பேர்க் அதைத் திருப்பி எழுதினார், 2.6.31இல் வெளிவந்தது. 'டெவ்' அடைவுக்குள் ஆர்எஃப்கில் என்றே ஒரு கோப்பு. ஒரு நிரல் அதைத் திறந்தால் இருக்கிற கருவிகளின் விபரம் வரும். பிறகு மாற்றம் நடக்க நடக்கச் சேதி வரும். அன்று ஒரு சேதி வெறும் 8 பைட். அதே கோப்பில் எழுதினால் கருவியை அணைக்கலாம், திரும்ப இயக்கலாம். "விசையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நிரல் கெர்னலிடம் சொல்லவும் வழி வைத்தார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வன்பொருள் தடையை அந்தக் கோப்பின் வழியாக ரூட் பாவனையாளராலும் நீக்க முடியாது. வாசிக்கலாம், மாற்றேலாது.

எனக்கு முக்கியமாய்ப் படுவது இதுதான். ரூட் அதிகாரத்தைப் பிடித்த ஓர் உளவு நிரல் மென்பொருள் தடையைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். வானலையை நேரே வெட்டுகிற சுவிட்சிடம் அது பலிக்காது. இன்று பல மடிக்கணனிகளில் அந்தச் சுவிட்ச் இல்லை, விசை மட்டும்தான். தன்னை யாரும் பின்தொடரக்கூடாது என்று அஞ்சக் காரணமுள்ளவர்கள், கணனி வாங்க முதல் கடைக்காரரிடம் இதையும் ஒருக்காக் கேளுங்கோ.