வில்லன் யார்? – சில ஆங்கிலக் குணச்சொற்களின் பூர்வீகம்

நம் மலைநாட்டுப் பட்டினங்களின் படக்கொட்டகைகளில் வீரப்பாவின் சிரிப்பையும் நம்பியாரின் சூழ்ச்சியையும் கண்டு வளர்ந்த பெரியோருக்கு ‘வில்லன்’ என்னும் சொல்லை விளக்க அகராதி வேண்டியதில்லை. திரைக்கு வெளியே நம்பியார் ஆண்டுதோறும் மாலையணிந்து சபரிமலை சென்ற குருசாமி என்பதும் நம் அன்பர்கள் அறிந்ததே. ஆயின், அச்சொல்லின் பூர்வீகத்தை விசாரிப்போமாகில் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அது கொலைகாரனையோ வஞ்சகனையோ குறித்துப் பிறந்த சொல்லன்று. தோட்டத்தில் உழைத்தவனைக் குறித்துப் பிறந்த சொல்.

இலத்தீன் மொழியில் ‘வில்லா’ என்பது நாட்டுப்புறத்துப் பெரும்பண்ணை. உடையவனின் மாளிகை, அதைச் சூழ்ந்த நிலம், அந்நிலத்தில் பாடுபடுவோர் எல்லாம் அதில் அடங்கும். அதனைச் சார்ந்து வாழ்ந்தவன் ‘வில்லானுஸ்’. பங்களாவும் மலையும் லயமும் கண்ட நமக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டுமா?

1066-ல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினான். பிரெஞ்சு பேசியோர் நிலத்துக்கு உடையவராயினர். ஆங்கிலம் பேசியோர் பெரும்பாலும் அந்நிலத்தில் உழைப்பவராயினர். 1086-ல் எடுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே’ என்னும் நிலக்கணக்கிலே பதிவானோரில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேர் இந்த வில்லான்களே. பிரபுவின் நிலத்தில் வாரத்துக்கு இத்தனை நாள் ஊழியம் செய்ய வேண்டும். மகளைக் கட்டிக் கொடுப்பதானால் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். உத்தரவின்றி அவ்விடம் விட்டுப் போகலாகாது. 1381-ல் இம்மக்கள் பொறுமை இழந்து திரண்டு இலண்டன் நகருள் புகுந்தனர். பதினான்கே வயதான அரசன் இரண்டாம் ரிச்சர்ட் அடிமைத்தனத்தை ஒழித்துப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். கலகம் அடங்கியதும் அப்பத்திரத்தைச் செல்லாதென்று அறிவித்தான். அரசர்களின் வாக்கு எங்கும் ஒரே மாதிரிதான் போலும்! எனினும் பின்வந்த இரு நூற்றாண்டுகளில் அம்முறை தானே தேய்ந்து மறைந்தது. ஆள் மறைந்தான், அவன் பெயர் வசவாக நின்றுவிட்டது.

இஃது ஒரு சொல்லின் கதை மாத்திரமன்று. முரடனைக் குறிக்கும் ‘சர்லிஷ்’ என்பதன் வேர், பழைய ஆங்கிலத்தில் சாதாரணக் குடியானவனின் பெயர். ஆபாசமென்று நாம் பொருள்கொள்ளும் ‘வல்கர்’, பொதுமக்களைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்தது. நம்மவரும் கோபத்தில் தாராளமாய் எடுத்து வீசும் ‘ராஸ்கல்’, பழைய பிரெஞ்சில் கீழ்நிலைக் கூட்டத்தாரைச் சுட்டியது. நாகரிகமற்றவனை ‘பூரிஷ்’ என்பர். அதன் பிறப்பிடமோ உழவனைக் குறிக்கும் ஒல்லாந்துச் சொல். தென்னாபிரிக்காவில் அதே சொல்லைத் தம் இனப்பெயராகப் பெருமையுடன் தரித்தவர்களே போயர்கள். ஆங்கிலேயரோடு பொருது சிறைப்பட்ட அவர்களில் ஆயிரக்கணக்கானோர் 1900-ல் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, நம் மலைநாட்டின் தியத்தலாவையிலே முகாமில் அடைக்கப்பட்டனர். வசவும் இனப்பெயரும் ஒரே சொல்லாயிருப்பதைக் காவல் நின்ற சிப்பாய்கள் எண்ணியிருப்பார்களோ என்னவோ.

இனிப் புகழ்ச் சொற்களைப் பார்ப்போம். ‘ஜென்டில்’ என்றால் இன்று மென்மையானவன். அன்று நற்குலத்தில் பிறந்தவன். ‘ஜெனரஸ்’ என்றால் இன்று வள்ளல். அன்று உயர்குடிப் பிறப்பினன். ‘ஃபிராங்க்’ என்றால் ஒளிவுமறைவின்றிப் பேசுபவன். கால் நாட்டை வென்று ஆண்ட பிராங்கு இனத்தாரின் பெயரே அது. அந்நாட்டில் முழுச் சுதந்திரம் அவர்களுக்கே இருந்தமையால், மனத்தில் பட்டதைச் சொல்லும் துணிவும் அவர்கள் பெயராலேயே வழங்கலாயிற்று. வாய் திறந்தால் வேலை போய்விடும் என்றிருப்பவனிடம் அந்தக் குணத்தை எங்ஙனம் எதிர்பார்ப்பது?

சி. எஸ். லூயிஸ் என்னும் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் 1960-ல் வெளியிட்ட சொல்லாராய்ச்சி நூலில் இம்மாற்றத்தை எடுத்துப் பேசினார். அந்தஸ்தைக் குறித்த சொல், நாளடைவில் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொல்லாகி விடுகிறது என்பது அவர் கண்டது. எழுதுகோல் எவர் கையில் இருந்ததோ அவர் கணக்கே இதில் ஏறியிருக்கிறது என்பது எமது துணிபு.

ஆங்கிலேயனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘நாகரிகம்’ என்னும் நம் சொல்லுக்குள்ளே நகரம் இருக்கிறது. ‘பட்டிக்காட்டான்’ என்பதற்குள்ளே கிராமம் இருக்கிறது. ‘மேன்மக்கள்’, ‘கீழ்மக்கள்’ என்று குணத்தை உயரத்தால் அளந்ததும் நம் மொழியே. திருவள்ளுவர் ஓரிடத்தில் ஒழுக்கத்தையே உயர்குடியாக்கி இந்த வழக்கைத் தலைகீழாக்கினார். ஆயினும் குடிமை என்று ஓர் அதிகாரமே வகுத்துக் குடிப்பிறப்பைப் போற்றியவரும் அவரே. இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

நம் மலைகளுக்கு வருவோம். ‘கூலி’ என்பது தமிழிலே செய்த வேலைக்குரிய ஊதியம். ஆங்கிலத்திலோ அது வேலை செய்யும் ஆளின் பெயராயிற்று. குஜராத்துக் ‘கோலி’ என்னும் குலப்பெயரும் இதிற் கலந்தது என்பர். சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சான கைந்நூலின் பெயர் ‘இங்கே வா’. பெயரே ஏவலாக அமைந்த இலக்கண நூல் உலகில் வேறு உண்டோ அறியோம்.

குணத்தைக் குறிக்கும் ‘காரக்டர்’ என்ற சொல்லும் கிரேக்கத்தில் முதலில் செதுக்கும் கருவியையும், அது பதித்த முத்திரையையும் குறித்தது. இங்கிலாந்தில் எஜமானன் வேலையாளுக்கு எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதத்துக்கும் அதுவே பெயர். நம் முன்னோர் வைத்திருந்த கடிதம் வேறு. அது ‘துண்டு’. இவனுடைய கடனைத் தீர்த்தால் இவனை விடுவிக்கிறோம் என்று தோட்டத்தார் எழுதிய சீட்டு. அது இல்லாமல் மறு தோட்டம் சேர முடியாது. புதுத் தோட்டம் கடனை ஏற்கும். கடனோ ஆளைவிட்டு நீங்காது. குணம் நல்லதா கெட்டதா என்று அதில் எழுத அவசியமே இல்லை. தொகையை எழுதினாற் போதும். 1921-ல் சட்டம் அம்முறையை ஒழித்தது. பெரட்டுக் களத்தில் ‘பேர்’ போடும் வழக்கம் அதன் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. உடம்புக்கு முடியாத நாளில் அரைப்பேர் வாங்கிய தாயைச் சோம்பேறி என்று பிறர் சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே உண்டு.

துண்டு ஒழிந்தது, ‘தோட்டக்காட்டான்’ ஒழியவில்லை. தோட்டக்காடு என்பது வெறும் இடப்பெயர். அதில் வாழ்பவன் என்ற அளவில் நின்ற சொல், எப்போதோ அறியாதவன், முரடன், ஏமாளி என்னும் பொருளெல்லாம் ஏற்றுக்கொண்டது. வில்லானுக்கு நேர்ந்ததே இவனுக்கும் நேர்ந்தது. காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவனுக்கே காட்டான் என்று பெயர்! எமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இச்சொல்லைத் தமிழர் வாயிலிருந்தே கேட்டார். அது முதல் ஊர் எதுவென்று கேட்டவர்க்கெல்லாம் ‘கண்டி’ என்றே சொல்லி வந்தார்.

சொற்கள் புரளவும் செய்யும். இளைஞர் நாள்தோறும் சொல்லும் ‘நைஸ்’ இலத்தீனில் ‘அறியாதவன்’ என்ற சொல்லில் தொடங்கியது. மூடன் என்று பொருள்பட்டு, பின் நுணுக்கம் பார்ப்பவனாகி, கடைசியில் இனியவனாயிற்று. ‘சில்லி’ இதற்கு நேர்மாறு. பழைய ஆங்கிலத்தில் பேறு பெற்றவன் என்றிருந்தது, கள்ளமற்றவன், இரக்கத்துக்குரியவன் என்று இறங்கி இறங்கி இன்று அசடனைக் குறிக்கிறது. ஆனால் இவற்றுக்குப் பல நூறாண்டு பிடித்தது.

இங்கே அத்தனை காலம் காத்திராமல் ‘மலையகம்’ என்ற பெயரை நம்மவர் தாமே எடுத்துக்கொண்டனர். எழுத்தாளரும் ஆசிரியரும் கல்லூரி மாணவரும் அதனை வழக்கில் நிலைநிறுத்தினர். ‘மலையகம் 200’ என்று சொல்லி, 2023 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் கால்நடையாய் வந்த வழியை நினைவுகூர்ந்து பலர் நடந்தனர். கண்டி என்று சொல்லி வந்த அந்த இளைஞரும் சில நாள் அதில் நடந்தார். வழியில் தண்ணீர் கொடுத்த ஓர் அம்மா ஊர் எது தம்பி என்று கேட்டாராம். தோட்டத்தின் பெயரையும், டிவிஷன் பெயரையும் சேர்த்தே சொன்னாராம்.