கணக்கேட்டில் அடங்காத பெண்

1728ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 29ஆம் நாள். இலண்டன் மாநகரின் லிங்கன்ஸ் இன் பீல்ட்ஸ் அரங்கில் ஒரு புதிய நாடகம் அரங்கேறுகிறது. ஜான் கே எழுதிய 'பிச்சைக்காரனின் இசைநாடகம்' என்பது அதன் பெயர். தொடக்கக் காட்சியில் மன்னர்களும் இல்லை, தேவதைகளும் இல்லை. பெரிய கணக்கேடு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு மேசைமுன் ஒருவன் அமர்ந்திருக்கிறான். அவன் பெயர் பீச்சம். திருடர்கள் கொண்டு வரும் பொருள்களை வாங்கி விற்பது அவன் தொழில். வருவாய் குன்றிய திருடனை அரசிடம் காட்டிக்கொடுத்து வெகுமதி பெறுவது அதே தொழிலின் மறுபாதி. எவனை வாழவிடுவது, எவனைத் தூக்குமேடைக்கு அனுப்புவது என்பதை அந்த ஏட்டைப் பார்த்தே அவன் முடிவு செய்கிறான்.

இது வெறுங்கற்பனை அன்று. அந்நாளைய இலண்டனில் இன்று நாம் அறிந்துள்ள காவல்துறை இல்லை. வழிப்பறிக் கொள்ளையனைப் பிடித்துக் குற்றத்தை மெய்ப்பிப்போர்க்கு 40 பவுன் வெகுமதி என்று 1692ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. அச்சட்டத்தின் நிழலில் கொழுத்தவன் ஜோனத்தன் வைல்ட். களவுபோன பொருளைப் பணம் பெற்றுக்கொண்டு உரியவரிடமே சேர்ப்பான். தனக்கு அடங்காத திருடரைத் தூக்குக்கு அனுப்புவான். 1725 மே 24 அன்று டைபர்ன் தூக்குமேடையில் அவனும் மாண்டான். மூன்றாண்டு கூட நிறைவுறாத நிலையில் பீச்சத்தை மேடையில் கண்டோர் வைல்டை நினைவுகூர்ந்தனர். ஆட்சித் தலைமையில் இருந்த ராபர்ட் வால்போலின் சாயலையும் அவனிடம் கண்டு நகைத்தனர்.

இத்தகையவனுக்கு ஒரு மகள், பெயர் பாலி. மக்ஹீத் என்னும் வழிப்பறிக்காரனை அவள் மறைவாக மணந்துகொள்கிறாள். செய்தி அறிந்த பெற்றோர் பதறுகின்றனர். மருமகன் கொள்ளையன் என்பதற்காக அன்று. மகள் திருமணம் செய்துகொண்டாளே என்பதற்காக! கணவன் என்று ஒருவன் வந்துவிட்டால் குடும்பத்தின் மறைபொருள்கள் யாவும் அவன் கைக்குப் போய்விடும் அன்றோ? தந்தை ஒரு வழி காண்கிறான். மருமகனை அடுத்த நீதிமன்ற அமர்விலேயே காட்டிக்கொடுத்துவிட்டால், அவன் சேர்த்த பொருளுடன் மகள் செல்வக் கைம்பெண் ஆகிவிடுவாள். பாலி இதற்கு உடன்பட மறுக்கிறாள்; கணவனை எச்சரித்துத் தப்பிக்க வைக்கிறாள். அந்த வீட்டில் இலாபம் பாராத முதற் செயல் இதுவே.

சேற்றில் மலர்ந்த செந்தாமரை என்று அவளைப் போற்றிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் கே அவ்வளவு எளிதில் நம்மை விடுவதில்லை. அவர் அங்கதப் புலவர். காதற்தலைவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. மக்ஹீத் இரவல் தந்த காதற் கதையில் எந்த வீரனும் காதலியை ஏமாற்றவில்லை. ஆகவே இவனும் ஏமாற்ற மாட்டான் என்று பாலி நம்புகிறாள். அவனோ நியூகேட் சிறைக்காவலன் மகள் லூசிக்கும் வாக்களித்து அவளைக் கருவுறச் செய்தவன். நாடக முடிவில் மேலும் நான்கு பெண்கள் ஆளுக்கொரு குழந்தையுடன் அவனைத் தேடி வருகின்றனர். சிறைக்குள் பாலியும் லூசியும் போட்டியிட்டுப் பாடும்போது, 1727இல் பவுஸ்தினா, குஸ்ஸோனி என்னும் இத்தாலியப் பாடகியர் இருவரின் ஆதரவாளர்கள் அரங்கிலேயே மோதிக்கொண்டது மக்களுக்கு நினைவு வந்திருக்கும். செல்வர்கள் மயங்கிக் கிடந்த இத்தாலிய இசைநாடகத்தை இவ்வாறு எள்ளி நகையாடினார் கே. புரியாத மொழிக்கு மாற்றாக, தெருவில் பாடப்பட்ட கதைப்பாடல் மெட்டுகளையே பெரிதும் எடுத்தாண்டு 69 பாடல்களை அமைத்தார்.

ஆயினும் நகைப்பு ஓரிடத்தில் நின்றது. முதல் நாளில் அவையோர் நாடகத்தை ஏற்பதா தள்ளுவதா என்று தயங்கியிருந்தனர். கணவனுக்காகப் பெற்றோரிடம் மன்றாடிப் பாலி பாடிய ஒரு பாடலே அவர்கள் நெஞ்சைத் திருப்பியது என்று பாஸ்வெல் தம் நூலில் பதிந்துள்ளார். காட்டில் கைவிடப்பட்ட இரு குழந்தைகளைப் பற்றிய பழைய கதைப்பாடலின் மெட்டு அது. அவளுடைய நம்பிக்கை பேதைமையாய் இருக்கலாம். அவளுடைய அன்பு பொய்யன்று என்பதை அவை உணர்ந்தது. அப்பருவத்தில் மட்டும் நாடகம் 62 முறை நடிக்கப்பட்டது.

பாலியாக நடித்தவர் லவினியா பென்டன் என்னும் இளம்பெண். ஒரே இரவில் நகரம் அவரைக் கொண்டாடியது. அவருடைய படங்கள் அச்சாகி விற்றன. வாழ்க்கை வரலாறும் வெளிவந்தது. ஓவியர் ஹோகார்த் சிறைக்காட்சியைத் தீட்டியபோது, மண்டியிட்டிருக்கும் பாலியையும், மேடையோரத்தில் அமர்ந்து அவரை நோக்கும் போல்டன் கோமகனையும் ஒரே படத்தில் வைத்தார். ஏற்கெனவே மணமாகியிருந்த அக்கோமகன் 1728இலேயே லவினியாவைத் தம்முடன் அழைத்துச் சென்றார். இன்பம் நீடிக்கும்வரை ஆண்டுக்கு 400 பவுன், பிரிவு நேர்ந்தால் 200 பவுன் என்று ஏற்பாடு செய்துள்ளதாகத் தாம் கேள்விப்பட்டதை கே தம் நண்பர் ஸ்விப்டுக்கு எழுதினார். காதலுக்கு விலை இல்லை என்று மேடையில் பாடியவருக்கு மேடைக்கு வெளியே விலை குறிக்கப்பட்டது! எனினும் அந்த உறவு கணக்கையும் கடந்து நிலைத்தது. கோமகனின் மனைவி இறந்தபின், 1751இல், லவினியா முறைப்படி கோமகள் ஆனார். முன்னரே பிறந்த மூன்று மைந்தருக்கோ பட்டத்தில் உரிமை கிட்டவில்லை.

கே எழுதிய தொடர்ச்சி நாடகத்திற்குப் 'பாலி' என்றே பெயர். கணவனைத் தேடி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் பாலி, அங்கே ஒரு தோட்ட முதலாளிக்கு விற்கப்படுகிறாள். ஆணுடை தரித்துத் தப்புகிறாள். அவள் தேடிச் சென்றவனோ கடற்கொள்ளையனாகி இறுதியில் கொல்லப்படுகிறான். நேர்மையை அவள் இறுதியில் காண்பது அத்தீவின் பழங்குடி இளவரசனிடம். 1728 டிசம்பரில் அரசவை அதிகாரி இந்நாடகத்தை மேடையேற்றத் தடை விதித்தார். 1729இல் அச்சேறிய நூலுக்குப் பணம் திரட்டிய குயின்ஸ்பெரி கோமகள் அரசவைக்குள் நுழையக்கூடாதென விலக்கப்பட்டார். 1732இல் கே மறைந்தார். 1777இல்தான் அந்நாடகம் மேடை கண்டது.

முதல் நாடகத்தைக் கண்டித்து 1728இல் லிங்கன்ஸ் இன் சிற்றாலயத்தில் மறையுரை ஆற்றினார் தாமஸ் ஹெரிங். பின்னாளில் கேன்டர்பரி ஆங்கிலிக்கப் பேராயர் ஆனவர். கொள்ளையன் தண்டனையின்றித் தப்புவதைக் கண்டு இளைஞர் கெடுவர் என்பது அத்தகையோரின் அச்சம். அவ்வச்சத்தை நாம் எள்ளி ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நாடகத்தில் மக்ஹீத்தைவிட அஞ்சத்தக்கவன் பீச்சம் அல்லனோ? அவன் வாளெடுக்கவில்லை, வீட்டில் அமர்ந்து கணக்கெழுதுகிறான். மகளின் தாலியையும் ஒரு வரவாகவே அவனால் பார்க்க முடிகிறது. இன்றும் பெண்ணின் திருமணத்தை வரவு செலவாக எழுதும் வீடுகள் உண்டு. அவ்வீடுகளில் மறுத்துப் பேசும் மகளை, உலகம் அறியாத பேதை என்றுதான் நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோமா?